பதினொரு பெயர்களின் வகுப்பு

படகு மோட்டாரைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுக்கும் ஃபெலெத்திக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆக்லாந்து போன மனைவி, இரண்டு மாதத்தில் வருகிறேன் என்று சொல்லி எட்டு வருடம் ஆகிறது. நீங்களும் வந்துவிடுங்கள் என்று மகள் வாராவாரம் கூப்பிடுவாள். வகுப்பு இருக்கிறதே என்று தட்டிக்கழிப்பார். இங்கேயே இருக்க அவருக்கு அந்த வகுப்பை விட்டால் வேறு காரணமும் இல்லை. கல்லூரி அலுவலகத்தில், அவர் பட்டறைக்கு அடுத்த அறையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரியும்.

அவர் பாடம் நடத்துவதை வேடிக்கை பார்க்கலாம். கார்புரேட்டரைத் தூக்கிக் காட்டிப் புரிந்ததா என்பார். அத்தனை பேரும் புருவத்தைத் தூக்குவார்கள். எங்கள் தொங்காத் தீவுகளில் ஆமாம் சொல்ல அதற்கு மேல் யாரும் மெனக்கெடுவதில்லை. அவர் அடுத்த போல்ட்டுக்குப் போய்விடுவார்.

இந்த வருடம் கல்லூரிக்கு இணையவழிப் பாடத்தளம் வந்தது. வெளித்தீவுப் பிள்ளைகள் இனிக் கப்பலேறி வர வேண்டாம் என்றார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. தொடக்க நாளில் கல்லூரி முதல்வர் ஜெபம் செய்தார், நான்கு பன்றி சுட்டோம், வெளிநாட்டு நிபுணர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினார். முதல் வகுப்புக்கு ஃபெலெத்தி, இங்கே மரியாதைக்காக உடைமேல் சுற்றும் விசேஷப் பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். கேமராவோ மோட்டாரையும் அவர் கைகளையும் மட்டும்தான் காட்டியது.

அவருக்குத் திரையில் தெரிந்ததும் பதினொரு பெயர்கள் மட்டும்தான். தீவுகளில் இருக்கும் நெட்டுக்கு முகமெல்லாம் தாங்காது. புரிந்ததா என்று கேட்பார், காத்திருப்பார், மறுபடி கேட்பார். யாராவது இருக்கிறீர்களா என்பார். பிறகு மோட்டாரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார். வாரம் போகப் போக அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தாங்கவில்லை. பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"கூச்சப்படுறவன் ஒரு தடவையாவது இருமுவான், லாவினியா. அங்க ஒருத்தரும் இல்ல. பேரப் போட்டுட்டு மீன் பிடிக்கப் போயிடுறாங்க."

ஆறாவது வார வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். முதல்வர் திருச்சபை மாநாட்டுக்காக முன்கூட்டியே ஹாபாய் தீவுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைக் கப்பலில் நானும் போகிறவள். ஆக்லாந்துக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன் என்று ஃபெலெத்தி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மாநாட்டுச் சாப்பாடு முடிந்ததும் கடிதத்தோடு முதல்வரைத் தேடிக் கோயில் கூடத்தின் பின்பக்கம் போனேன். சீமைப்பலா மரத்தடியில், அந்தத் தீவிலிருந்தே படிக்கும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் மோட்டார், ஃபெலெத்தியின் கைகள். சியாலே என்ற பெண் ஒவ்வொரு திருகாணியையும் நோட்டில் வரைந்து வைத்திருந்தாள்.

புரிந்ததா என்று அவர் குரல் கேட்டது. நாலு பேரும் புருவத்தைத் தூக்கினார்கள். மறுபடி கேட்டார். இன்னும் உயரத் தூக்கினார்கள். யாராவது இருக்கிறீர்களா என்றார். சியாலே தூக்கிய தூக்கில் அவள் உச்சந்தலையே நகர்ந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அழுகையும் வந்தது.

"வாயத் தெறந்து சொல்லுங்க. உங்க மூஞ்சி அவருக்குத் தெரியாது" என்றேன்.

"ஆறு வாரமா சொல்லிக்கிட்டுத்தானே அத்தை இருக்கோம்?" என்றாள் சியாலே. சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மைக்கை அழுத்தினாள்.

"சார், இருக்கோம். நாலு பேரும் இருக்கோம். மொத நாள்லேருந்து இருக்கோம்."

திரையில் கைகள் நின்றன. ஸ்பேனரைக் கீழே வைத்தன. ஒரு கை மேலே போய் மறைந்தது, ஈரத்தோடு திரும்பி வந்து மோட்டார் துடைக்கும் துணியில் துடைத்துக்கொண்டது. குரல் மட்டும் வரவில்லை.

"சார், கேக்குதா?"

 நெட் போய்விட்டதோ என்று மற்ற மூவரும் பயந்தார்கள். நான் கடிதத்தைப் பையின் அடியில் தள்ளினேன். சியாலே அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர்களிடம் சொன்னாள்:

"புருவத்தத் தூக்கிட்டாரு."