வாராத தலை

ஜெயபாரதி கணவனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நிறைமாத வயிறு நாற்காலியில் இடிக்காமலிருக்க ஒருக்களித்து நின்றாள். எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் காதோர முடி படியவில்லை.

மனைவி உண்டானால் பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முடிவெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது என்பது அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். கணேசமூர்த்தி வேலை பார்க்கும் தி.நகர் ஜவுளிக்கடையின் பெரிய முதலாளியும் அப்படி இருந்தவர்தான். இப்போது கல்லாவில் அவர் மகன் ஜவஹர். தீபாவளிக் கூட்டத்தில், பட்டுச்சேலை பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே, கணேசமூர்த்தியை ‘அன்கெம்ப்ட்’ என்று சொல்லிவிட்டான். ஜவஹரின் முடியும் காதை மூடித்தான் இருந்தது. அது ஸ்டைல்.

அர்த்தம் தெரியாமல் கணேசமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. மாடி வீட்டு வாத்தியார் பாண்டுரங்கன் அகராதியைப் புரட்டினார். தலை வாருவதற்கு இங்கிலீஷில் இருந்த ஒரு பழைய வார்த்தையிலிருந்து வந்ததாம். முதலில் வாராத தலைக்கு மட்டும் சொன்னார்களாம். போகப்போக அலங்கோலமாக நிற்கிற ஆளையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம்.

வாராத தலைதானே, வாரிவிட்டால் போச்சு என்றுதான் ஜெயபாரதி காலையிலேயே சீப்பை எடுத்திருந்தாள்.

சாயங்காலம் அவன் வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தான். ஜவஹர் சிரித்தானாம்.

“தலை சரி அண்ணாச்சி. தாடிக்கும் சடை போட்டுப் பூ வச்சு விடச் சொல்லுங்க மதினிய.”

நாளைக்குச் சவரம் செய்துகொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறான்.

ஜெயபாரதிக்கு முதல் கரு தங்கவில்லை. இரண்டாவதன்போது, கல்யாண சீசன் என்று கணேசமூர்த்தி ஏழாம் மாதத்தில் முகம் மழித்துக்கொண்டு வந்து நின்றான். அந்தக் குழந்தை பிறந்து அழவே இல்லை. டாக்டரம்மா வேறு காரணம் சொன்னார். இருவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

கணேசமூர்த்தி சவரப்பெட்டியை இறக்கிக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தான். திறக்கவில்லை.

“நீ சொல்லு. எடுன்னா எடுக்கேன், வேண்டாம்னா வேலைய விட்டுருதேன். எல்லாம் உன் இஷ்டம்.”

அவள் சீப்பில் சிக்கியிருந்த முடியை உருவி விரலில் சுற்றினாள்.

“போன தடவ யாரக் கேட்டு எடுத்திய?”

அவன் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தான். ஜெயபாரதி இடுப்பைப் பிடித்தபடி அடுக்களைக்குப் போனாள்.