மாதத்தை எழுத்தில் எழுதுபவர்

பால் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் ஈவாஞ்சலின் பேனாவைத் தேடுவார். உறையில் எண்களாக அச்சிட்ட தேதிக்கு மேல் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிய பிறகே அது பைக்குள் போகும். மருந்து அட்டையும் மின்கட்டண ரசீதும்கூடத் தப்புவதில்லை. "ஏம்மா, பாலு திரியுததுக்குள்ள எழுதி முடிச்சிருவியா?" என்பார் கடைக்காரர் காசிலிங்கம் அண்ணாச்சி. ஈவாஞ்சலின் சிரிப்பதில்லை.

மீனவர் நிவாரண அறக்கட்டளை ஒன்றில் அவருக்கு வேலை. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் விவரங்களைத் தரவுத்தளத்தில் ஏற்றவேண்டும். ஊரார் நாளின் எண்ணை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுவர். மென்பொருளோ முதலில் நிற்கும் எண்ணை மாதமாகக் கொள்ளும். பதினேழாம் தேதி வந்தால், பதினேழாவது மாதம் இல்லையென்று அந்த வரியைச் சிவப்பாக்கித் திருப்பிவிடும். ஐந்தாம் தேதியை மே மாதமென்று ஓசையின்றி ஏற்றுக்கொள்ளும்.

"செவப்பு வரிக்கு நான் பயப்பட மாட்டேம்ளா. ஒண்ணுஞ் சொல்லாம உள்ள போவுது பாரு, அதுதான் ஆள முழுங்கும்" என்று பக்கத்து மேசை அனுஜாவிடம் சொல்வார்.

ஜாய்சனை அப்படித்தான் விழுங்கியது. விசைப்படகிலிருந்து தவறி விழுந்து அவர் இறந்தது டிசம்பர் ஐந்து. ஈவாஞ்சலின் ஏற்றிய பட்டியலில் அது மே பன்னிரண்டாயிற்று. மே மாதத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. 'தடைக்காலத்தில் தொழிலுக்குச் சென்றவர்' என்று நிவாரணம் மறுக்கப்பட்டது.

ஜாய்சனின் மனைவி ஜெபிஷா கைக்குழந்தையோடு வந்து நின்றார். "கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டிட்டுப் போன மனுசன்க்கா. களவாத் தொழிலுக்குப் போனாருன்னு எழுதிட்டியளே. மே மாசத்துல எவம்க்கா ஸ்டார் கட்டுவான்?"

அன்றே பட்டியல் முழுவதையும் ஈவாஞ்சலின் திருத்திவிட்டார். மற்றவர்களின் மனுக்கள் அப்போது முடிவாகாமல் இருந்தன. ஜாய்சனுடையது மட்டும் முடிந்துபோன கோப்பு. மேலாளர் செல்வதுரை குரலைத் தாழ்த்தினார். "தப்பு நம்ம பக்கம்னு எழுத்துல குடுத்தா ஒங்க வேலதான் போவும், பாத்துக்கிடுங்க. அந்தப் பிள்ளைய புதுசா மனு போடச் சொல்லுங்க." ஈவாஞ்சலின் வீட்டில் சம்பளம் வாங்குபவர் அவர் ஒருவரே.

அதுமுதல் ஜெபிஷாவின் மனுக்களை எழுதித் தருபவர் ஈவாஞ்சலின்தான். 'முன்பே முடிவு செய்யப்பட்டது' என்ற குறிப்போடு ஒவ்வொன்றும் திரும்பி வருகிறது. நேற்றும் இருவரும் மேசையின் இருபுறமும் அமர்ந்திருந்தனர். தேதிக்கான கட்டங்களைப் பொருட்படுத்தாமல், அவற்றின் குறுக்கே 'டிசம்பர்' என்று எழுதினார் ஈவாஞ்சலின்.

"அக்கா, மொதல்ல தப்பா ஏத்துனது யாருன்னு ஒரு வரி சேத்து எழுதுனா எடுத்துக்கிடுவாவளா?"

பேனா நின்றது. பிறகு, ஏற்கெனவே எழுதியிருந்த 'டிசம்பர்' மேலேயே மறுபடி ஓடியது. மறுபடியும், மறுபடியும், தாள் கிழியும்வரை.