காட்டுக்குக் கொடுத்த பெண்

இன்று டவுன் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓர் இளம் ஜோடி. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறார்கள்.

"டவுனுக்குள்ள வேணாங்க. பௌர்ணமின்னா கிரிவலக் கூட்டத்துல வெளிய தல காட்ட முடியாது. வேங்கிக்கால்தான் நல்ல ஏரியா" என்றாள் அந்தப் பெண்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏம்மா சிரிக்கிறீங்க?" என்றாள். சொன்னேன்.

அறுபதுகளில் எனக்கு வேங்கிக்காலில் மாப்பிள்ளை பார்த்தபோது அங்கே சுற்றிலும் கடலைக்கொல்லை. டவுனுக்குள்ளே தேரடி வீதியிலேயே பிறந்து வளர்ந்த அம்மா, "போயும் போயும் காட்டுலயா பொண்ண குடுப்பாங்க?" என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். அப்பாதான் விடாப்பிடியாக நின்று முடித்துவைத்தார்.

அந்த வருடமே கார்த்திகை வந்தது. நெரிசலில் சிக்காமல் எங்கள் மொட்டைமாடியில் நின்றே மலைமேல் தீபம் பார்க்கலாம் என்று தெரிந்ததும், தேரடி வீதி சொந்தமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நடுவில் நின்று அம்மா சொன்னார்: "இந்த எடத்த பாத்து குடுத்ததே நான்தான்."

அப்பா அன்றைக்குத் தீபத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை முடிந்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "உங்க மாடியில இப்பவும் தீபம் தெரியுமாம்மா?"

தெரியும். வரும் கார்த்திகைக்கு அவள் இப்போதே அங்கே துண்டு போட்டுவிட்டாள். காட்டுக்கு வரப் பயமில்லாதவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள்.