முந்திச் சொன்ன சாட்சி

கர்த்தருடைய பிள்ளைகளே, போன ஜூன் மாதம் இதே மைக்கைப் பிடித்து, "என் முதுகுவலி போய்விட்டது" என்று சாட்சி சொன்னேன். கைதட்டினீர்கள். மறுநாள் காலையே வலி திரும்பிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

எந்த வாயால் சொல்வது? ஆண்டவருடைய பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் வீடு. துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினேன். இனிப்பு நீர் வியாதி உண்டு. பாதத்தில் ஒரு புண் ஆறாமலே கிடந்தது. சாயங்காலமானால் குளிர் உலுக்கும். கிளட்ச் மிதித்தால் முதுகுக்குள் ஆணி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை யாராவது, "அண்ணே, இப்ப எப்படி?" என்றால், "ஸ்தோத்திரம், நல்லாருக்கேன் லா" என்று சிரிப்பேன். சிரித்துச் சிரித்தே செத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, இடது கால் கிளட்ச்சைக் கண்டுபிடிக்கவில்லை. கால் இருந்தது. என்னுடையதாக இல்லை. லோரியை ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கில் தலைவைத்து அழுதேன். "ஆண்டவரே, சுகம்கூடக் கேட்கல. இந்தப் பொய்யிலருந்து என்னை வெளிய எடும்." அவ்வளவுதான் ஜெபம்.

இன்னொரு டிரைவர் என்னை வீட்டில் இறக்கிவிட்டார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். கூட்டத்தில் வாயே திறக்காத என் மனைவி ரெஜினா எழுந்து நின்றாள். லோரியில் நான் கேட்டது அவளுக்குத் தெரியாது.

"என் வீட்டுக்காரர் சொன்ன சாட்சிய நான் திருப்பி வாங்கிக்கிறேன். இவருக்குக் குணமாகல. தலகாணி தினமும் வேர்வையில நனையுது. எனக்கு ஓட்டத் தெரியாது, யாராவது கார எடுங்க."

பாஸ்டர்தான் சாவியை எடுத்தார். "ஏறுங்கண்ணே. மிச்ச ஜெபத்தக் கார்ல முடிச்சுக்கலாம்."

கிள்ளானில் மருத்துவமனை. ஸ்கேன். புண் வழியாக நுழைந்த கிருமி ரத்தத்தில் ஓடி, முதுகெலும்பில் இறங்கி, இரண்டு எலும்புக்கு நடுவே சீழ் கட்டி, நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது.

"முதுக நீளமாத் திறந்தா உங்க உடம்பு தாங்காது அங்கிள்," என்றார் டாக்டர். "சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு, கேமராவில பார்த்துக் கழுவி எடுப்போம். ஆனா கால் திரும்புமான்னு சொல்ல முடியாது. ஏன் இவ்ளோ நாள் வரல?"

சபையில் சாட்சி சொல்லிவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு தழும்பு. அந்தத் துளைகள் வழியாகத்தான் என் உயிர் உள்ளே திரும்பியது. பிறகு ஆறு வாரம் கையில் ஊசி, சொட்டுச் சொட்டாக மருந்து. பக்கத்துக் கட்டிலில் இதே வியாதியோடு கிடந்தவர் மூன்றாவது வாரம் போய்விட்டார். அவர் மனைவியும் ஜெபித்தாள், என் காதால் கேட்டேன்.

இடது கால் இன்னும் இழுக்கிறது. லோரி வேலை போயிற்று. வலியும் உண்டு. அதையும் சேர்த்தே இன்றைக்கு நன்றி சொல்கிறேன். நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார்.

உங்களில் யாராவது "நல்லாருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு வலியோடு உட்கார்ந்திருக்கிறீர்களா? அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், அவர் தாங்குவார். அப்புறம் எங்களிடம் வாருங்கள். வாசலில் கார் நிற்கிறது. ரெஜினா இப்போது ஓட்டுகிறாள்.