ஊசி ஏரியில் மூன்று மீட்டர்

ரப்பர் பூட்ஸை மாட்டுவதற்குள் மேவிஸ் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டாள். வலது முட்டி மடங்க மறுத்தது. வயது ஐம்பத்தாறு, அதில் இருபத்திரண்டு வருடம் ஊசி ஏரியின் தண்ணீரை அளந்தே போய்விட்டது. மீன்வள அலுவலகத்தில் அவளுக்கு மேலே நான்கு அதிகாரிகள் வந்து போனார்கள். அளக்கிற ஆள் மட்டும் மாறவில்லை.

படகை ஓட்டியவன் அவளுடைய கொழுந்தன் வேர்ன். அவன் அண்ணன் எல்மர்தான் மேவிஸின் கணவன். போன வருடம் மார்ச்சில், வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தவன் அப்படியே மண்வெட்டியோடு சாய்ந்துவிட்டான். அதிலிருந்து வேர்ன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். மேவிஸுக்கும் அது வசதியாக இருந்தது.

மூன்றாவது வறண்ட கோடை அது. மலைப் பனி ஜூனிலேயே தீர்ந்துவிட்டது. நடு ஏரியில் இன்ஜினை நிறுத்தியதும், கேபிள் நுனியில் இருந்த கருவியை மேவிஸ் மீட்டர் மீட்டராக இறக்கினாள். மேல்தண்ணீர் இருபத்திரண்டு டிகிரி. இங்கே வரும் 'சாக்கை' என்ற சால்மன் மீன் அந்தச் சூட்டைத் தாங்காது. ஒன்பதாவது மீட்டரில்தான் பதினாறுக்கு வந்தது. பன்னிரண்டாவது மீட்டருக்குக் கீழே குளிர்ச்சி இருந்தது, ஆனால் தண்ணீரில் மூச்சுக்காற்று அற்றுப்போயிருந்தது.

"மீனுக்கு மூணே மீட்டர்," என்றாள்.

வேர்ன் மீன் இருக்கும் இடம் காட்டும் ஒலிக்கருவியின் திரையைத் திருப்பிக் காட்டினான். கடலிலிருந்து ஆறு ஏறி வந்த மீன் மொத்தமும் அந்த மூன்று மீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. இலையுதிர்காலத்து மழை வந்து மேற்கே முட்டையிடும் ஓடை நிறையும் வரை அவை ஏரியில்தான் காத்திருக்க வேண்டும். அதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

திரும்பும் வழியில் நாணலோரம் செத்து மிதந்தவற்றை அள்ளினார்கள். பதினொன்று. மேவிஸ் ஒன்றைப் பலகையில் வைத்துக் கீறினாள். செவுள் வெளுத்து, ஓரமெல்லாம் மஞ்சளாக அழுகியிருந்தது. வயிற்றில் முட்டை அப்படியே கட்டியாக இருந்தது, ஒன்றுகூடச் சிந்தாமல். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"அண்ணி, இதையும் எழுதித்தான் ஆகணுமா?"

"எழுதாம விட்டா எழுந்து நீந்துமாடா?"

வேர்ன் ஏன் கேட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆற்றுமுகத்தில் ஏரிக்குள் நுழையும் மீன்களை எண்ணுவதற்கு ஒரு வேலி இருந்தது. நாலாயிரம் தாண்டினால் ஊர் வலை போடலாம் என்பது பேச்சு. முந்தின நாளே நாலாயிரத்து முந்நூறு ஆகிவிட்டது. அக்டோபரில் எல்மரின் கல்லறையில் கல் நாட்டும் விருந்து. ஆறு ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள், எல்லாருக்கும் சால்மன் பரிமாற வேண்டும். விருந்தை நடத்துவது எல்மர் பிறந்த வீட்டார்; அதாவது அவனுடைய மூத்த அக்கா பெர்னிஸ். அவள் மீனைப் புகைபோடும் கூடத்தைக் கழுவி, அதற்கான ஆல்டர் மர விறகைப் பிளந்து அடுக்கி, வலையைத் தைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூடத்தில் கூட்டம். மேவிஸ் எழுந்து, வலை போட வேண்டாம் என்று சொன்னபோது அவள் குரல் அவளுக்கே சலிப்பாகக் கேட்டது.

பெர்னிஸ் இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "நாலாயிரம்னு சொன்னது யாரு? நீதானே?"

"நான்தான் அக்கா."

"தாண்டியாச்சுன்னு சொன்னது?"

"அதுவும் நான்தான். வேலி தாண்டின மீனைத்தான் நான் எண்ணினேன். ஓடைக்குப் போய் முட்டை போடப்போற மீன் எத்தனைன்னு எனக்குத் தெரியாது. இப்பவே செத்துக்கிட்டிருக்கு."

"அப்போ எப்படியும் சாகப்போற மீனு. நாம பிடிச்சா என்ன?" என்றான் பின்வரிசையில் ஒருவன். கூடம் சிரித்தது.

"எது சாகும், எது பொழைக்கும்னு உன் வலைக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லு, நானே வந்து இழுக்கிறேன்."

பெர்னிஸ் சிரிக்கவில்லை. "என் தம்பிக்குக் கல் வைக்கிற அன்னிக்குக் கடை டப்பா மீனை உடைச்சு ஊத்தச் சொல்றியா? அவன் உனக்குப் புருஷன்தாண்டி. ஞாபகம் இருக்கா?"

மேவிஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். எண்கள் கலங்கித் தெரிந்தன. வேர்ன் குனிந்து தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒருத்தி அக்கா, இன்னொருத்தி அண்ணி.

"வந்து பாருங்க அக்கா," என்றாள் கடைசியில். "நாளைக்குக் காலைல. பார்த்துட்டு நீங்க சொல்றதுதான். நான் தடுக்க மாட்டேன்."

எழுபத்தொரு வயதுக்காரியைப் படகில் ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. இடுப்பு வலிக்காக ஒரு தலையணை, ஃபிளாஸ்கில் டீ, தன்னுடைய சொந்தக் கத்தி. மூன்றையும் பெர்னிஸ் மறக்காமல் கொண்டு வந்தாள். திரையையும் எண்களையும் அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அதெல்லாம் உன் பொம்மை. மீனைக் காட்டு."

அன்று நாணலோரம் பத்தொன்பது கிடந்தன. பெர்னிஸ் ஒரு பெட்டை மீனை மடியில் போட்டாள். அறுபது வருடமாக மீன் அறுத்த கை. செவுளை ஒரே இழுப்பில் திறந்து முகர்ந்து பார்த்தாள். வயிற்றைப் பிளந்தாள். முட்டைக் கட்டியை உள்ளங்கையில் எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு அதை மெதுவாகத் தண்ணீரில் விட்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா இதைத் தனியா பார்த்துக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"எப்படிச் சொல்றது அக்கா? உங்க வீட்டுப் பக்கம் வந்தாலே விறகு வெட்டுற சத்தம் கேட்குது. அப்படியே திரும்பிடுவேன்."

பெர்னிஸ் கத்தியைப் பாவாடையில் துடைத்தாள். "வேர்ன், படகைத் திருப்பு. எனக்கு இடுப்பு போகுது."

அன்று மாலை அவள் வலையைச் சுருட்டி மச்சில் போட்டுவிட்டாள் என்று ஊருக்கே தெரிந்துபோனது. அதற்குப் பிறகு வேறு யாரும் வலையை எடுக்கவில்லை. சிலர் மேவிஸைக் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மழை செப்டம்பர் இருபத்தி மூன்றாம் தேதிதான் வந்தது. ஓடை நிறைந்து, முட்டையிடும் பருவத்தில் சிவந்துபோன மீன்கள் மேலேறின. மேவிஸும் வேர்னும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து எண்ணினார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது. வேலியைத் தாண்டியவை கடைசியில் ஐயாயிரத்துச் சொச்சம். மீதியெல்லாம் ஏரியோடு போயிற்று. இது போதுமா, போதாதா? குஞ்சுகள் கடலுக்குப் போய்த் திரும்ப நாலு வருடம் ஆகும். அதுவரை யாராலும் சொல்ல முடியாது. மேவிஸ் அறிக்கையில் எண்ணை மட்டும் எழுதினாள். கருத்து எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

கல் நாட்டிய அன்று மூஸ் மான் இறைச்சிக் குழம்பு, உருளைக்கிழங்கு, பக்கத்து ஊர்க்காரர்கள் கொண்டு வந்த ஹெர்ரிங் மீன் முட்டை. மீன் துண்டு வைக்க வேண்டிய இடத்தில் தட்டு வெறுமையாக இருந்தது. வந்த பெரியவர் ஒருவர் சும்மா இல்லாமல், "சால்மன் இல்லாத விருந்தா? உங்க வீட்டுக்கு இது அழகா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்.

பெர்னிஸ் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். "மீன் ஓடைல இருக்கு. எங்க வீடு சொல்லித்தான் அங்க இருக்கு. வேணும்னா நாலு வருஷம் கழிச்சு வாங்க, போடறேன். நான் இருந்தா."

பெரியவர் குழம்பை இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். மேவிஸ் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அதைக் கேட்டாள். அழ வேண்டும் போலிருந்தது. கை நிறைய சோப்பு நுரை. அழவும் அலுப்பாக இருந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் அந்த வருடத்தின் கடைசி அளவு. விரல் விறைக்கும் குளிர். காற்று ஏரியை அடிவரை புரட்டிப்போட்டிருந்தது. மேலே ஐந்து டிகிரி, கீழேயும் ஐந்து. இருபத்தைந்து மீட்டருக்கும் ஒரே எண்ணை எழுதிவிட்டு, கேபிளைச் சுற்றி வாளிக்குள் போட்டு, மேவிஸ் படகின் முன்பலகையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கிளம்பலாமா அண்ணி?" என்று கேட்டுத் திரும்பிய வேர்ன், அவள் தூங்கிப்போயிருப்பதைப் பார்த்தான். தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டான். கரை வந்து சேரும்வரை இன்ஜினை மெதுவாகவே ஓட்டினான்.