சவரிநாதனின் தக்காளிப் பாத்தி

மலேசியாவில் செமோர்ப் பக்கம் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டுப் பல காலம் ஆகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டச் சனமும் ஒவ்வொரு குடும்பமாக அடுக்குமாடிக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசி வரிசையில் சவரிநாதன் மட்டும் மிச்சம். ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் தோட்ட நிர்வாகம் மாற்று வீடு தரும் என்றொரு பேச்சு இருந்ததால், அவர் ஒரு நாளும் கதவைப் பூட்டிவிட்டு வெளியூர் போனதில்லை. பால்வெட்டிய கைக்கு இப்போது வேலை கொல்லையிலிருந்த தக்காளிப் பாத்தி. பேச்சுத் துணைக்கு வானொலி.

மாதத்தில் ஒரு ஞாயிறு தஞ்சோங் மாலிமிலிருந்து மகள் கார்மென் வருவாள், பேத்தி டோரிஸைக் கூட்டிக்கொண்டு. நாலு வயசுப் பிள்ளை, காரை விட்டு இறங்கியதும் செருப்பை உதறிவிட்டுப் பாத்திக்கு ஓடும். மண்ணை அளைந்த கையாலேயே பழத்தைப் பறித்துக் கடிக்கும்.

"ஐயோ, கழுவாம திங்குதுப்பா!"

"விடுலா. மருந்தடிச்ச கடைப் பழமா இது? நீயும் இப்படித்தான் வளந்தே."

பழம் அப்படிக் காய்த்ததற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் ஆள் குறைந்ததும் கக்கூஸ் தொட்டியை அள்ள லாரி வருவது நின்றுபோயிற்று. தொட்டி நிரம்பிப் பொங்கவே, சவரிநாதன் குழாய் ஒன்றைப் பதித்து, வழிந்த தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டார். நாற்றமும் போயிற்று, செடியும் செழித்தது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார். மெச்ச வேறு ஆள் இல்லை.

ஒருநாள் கார்மென் போனில் அழைத்தாள்.

"அப்பா, பாப்பா வயித்துல பூச்சி."

"சின்னப் புள்ளன்னா பூச்சி இருக்கத்தான்மா செய்யும்."

"கீரிப்பூச்சி இல்லப்பா, நாக்குப்பூச்சி. பென்சில் நீளம். வெளிய வந்ததப் பாத்துட்டு அலறிடுச்சு. எந்த மண்ணுல வெளயாடுச்சுன்னு கிளினிக்ல கேக்குறாங்க. நாங்க மாடியில இருக்கோம், எங்களுக்கு மண்ணு ஏதுப்பா?"

அவர் குழாய் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் கார்மென் அதை வீட்டுக்காரரிடம் சொல்வது கேட்டது. பிறகு மருமகன் ரோய்ஸ்டனின் குரல் தூரத்தில் கேட்டது: "இனிமே அங்க போற வேல வேணாம்னு சொல்லு."

மறுநாளே சவரிநாதன் செமோர் கிளினிக்குக்குப் போய்ப் பூச்சி மாத்திரையைக் கேட்டு வாங்கி மென்றார்.

"உங்களுக்கும் இருந்திருக்கும் அங்கிள், தெரியாமலே" என்றார் டாக்டரம்மா.

"சுண்ணாம்பு தூவுனா மண்ணு சரியாயிருமா?"

"கக்கூஸ் தண்ணியில வந்த பூச்சி முட்டை மண்ணுல வருஷக்கணக்கா கெடக்கும். புள்ளைய அங்க விடாதீங்க."

"நான் தூக்குனா ஒட்டிக்குமா?"

"ஒட்டாது அங்கிள். முட்டை மண்ணுல கொஞ்ச நாள் கெடந்தாத்தான் அதுக்குத் தொத்துற வேகம் வரும். கைய மட்டும் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

வீட்டுக்கு வந்து குழாயைப் பிடுங்கினார். காயோடும் பூவோடும் நின்ற செடிகளை வேரோடு இழுத்துப் போட்டார். தொட்டியை அள்ள ஆள் பிடித்தார். கொல்லை முழுக்கச் சிமெண்டும் போட்டார். பிறகு மகளைப் போனில் அழைத்தார்.

"இப்ப மண்ணே இல்லம்மா, வாரியா?"

"பாக்கலாம்பா."

ஞாயிறுகள் வந்து போயின. கார்ச் சத்தம் கேட்டதுபோல இருக்கும். எட்டிப் பார்த்தால் செம்பனை லாரி. வானொலியை அணைத்துவிட்டால் வீட்டில் மனிதக் குரலே இல்லை. சிமெண்டுத் தரையில் வெயில் மட்டும் படுத்துக் கிடந்தது.

கடைசியில் ஒருநாள், கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினார். போனால் போகட்டும் மாற்று வீடு என்று ஈப்போவுக்குப் போய்த் தஞ்சோங் மாலிம் பஸ் ஏறினார்.

கார்மென் கதவைத் திறந்தாள். யாரும் சொல்லாமலே அவர் சமையல்கட்டுக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். டோரிஸ் ஓடிவந்தபோது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தாத்தா! என் வயித்துல இருந்தது உங்க வீட்டுப் பூச்சியாம். அப்பா சொன்னாரு."

சோபாவிலிருந்த ரோய்ஸ்டன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாம்மா, தாத்தா வீட்டுதுதான்."

பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தது. "அது செத்துப்போச்சு தாத்தா. அழுவாதீங்க."

"தூக்குங்கப்பா, ஒட்டாது" என்றாள் கார்மென்.

ஒட்டாது என்று அவருக்கும் தெரியும். இருந்தும் அவர் கை பின்னாலேயே இருந்தது. கண் ரோய்ஸ்டனிடம் இருந்தது. அவன் எழுந்து, "தூக்குங்க மாமா" என்று சொன்ன பிறகுதான் குனிந்தார்.