இதுல எந்தப் பொட்டு, அண்ணே?

அழகப்பன் அண்ணன் இன்று விடியற்காலையில் இறந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பைப், ஃபிட்டிங்ஸ் கடை வைத்திருந்தவர்.

எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை...

அவர் நம்பரிலிருந்துதான் போன் வந்தது. நேற்று சாயங்காலம் அடித்து அடித்துப் பார்த்தும் அவர் எடுக்காத கடுப்பில், "என்னண்ணே, தொட்டி திரும்பக் கத்துது, நீங்க பாட்டுக்கு போனை எடுக்காம இருக்கீங்க" என்று ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பக்கம் அவருடைய மருமகன். "மாமா தவறிட்டாங்க சார். நெஞ்சு வலி..."

"சரி சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கடல் மீன் தொட்டி இருப்பது நண்பர்கள் பலருக்குத் தெரியும். உப்புத் தண்ணீர், பவளம், இரண்டு ஆரஞ்சு மீன்கள். மேலே வழியும் தண்ணீர் ஒரு பைப் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும், மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். இறங்கும்போது காற்றும் சேர்ந்து போய் களக்... களக்... ஓயாத சத்தம்.

"ஒண்ணு இந்தத் தொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று என் மனைவி ராணி சொல்லிவிட்டாள்.

யூடியூபில் பார்த்த வீடியோவோடு அண்ணன் கடைக்குப் போனேன். ஒரு பைப்பை இரண்டாக மாற்ற வேண்டும். ஒன்றில் வால்வு வைத்து, காற்று புகாமல் தண்ணீர் மட்டும் இறங்க வேண்டும். மிஞ்சியது இரண்டாவது பைப்பில் போகும்.

"திங்க ஆகாத மீனுக்கா இம்புட்டுப் பைப்பு?" என்று கேட்டார். கேட்டவர் அன்று மதியமே கடையை மருமகனிடம் விட்டுவிட்டு ஹாக்சா பிளேடோடு வந்து நின்றார்.

முதல் நாள், இரண்டாவது பைப்பில் மாட்டிய மூடியைக் கழற்ற மறந்துவிட்டு வால்வை இறுக்கினார். "அம்புட்டுத்தான், இனி சத்தமே வராது" என்றார். சத்தம் வரவில்லை, தண்ணீர்தான் ஹாலுக்கு வந்தது. "தொட்டி கொஞ்சம் சாஞ்சிருக்கு தம்பி" என்று பழியைத் தொட்டி மேலேயே போட்டார், மனுஷன்!

அப்புறம் ஒருவழியாகச் சரியானது. வால்வின் கைப்பிடி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே, பூஜை அலமாரிக் குங்குமத்தை எடுத்து பைப்பில் ஒரு பொட்டு வைத்தார்.

"இந்தப் பொட்டுக்கு நேரா நிக்கணும். சத்தம் வந்துச்சுன்னா கைய வைக்காதீங்க. எனக்குப் போன் போடுங்க, நான் வாரேன்."

ஆயுத பூஜை வந்தது. மிக்ஸி, டூவீலர், மோட்டார் எல்லாவற்றுக்கும் வைத்த ராணி, அந்தப் பைப்புக்கும் சுற்றிச் சுற்றிப் பொட்டு வைத்துவிட்டாள். வந்து பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அதில் தன் பொட்டு எது என்று அவருக்கு மட்டும் தெரிந்தது.

ஆனாலும் அடிக்கடி சத்தம் திரும்பி வரும். போன் போட்டால் வருவார். கைப்பிடியை லேசாகத் தட்டுவார், நின்றுவிடும். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பார். கடையில் வாய் ஓயாத ஆள், எங்கள் வீட்டில் பேசவே மாட்டார். காபி ஆறிப்போகும்...

மதியம் அரிமளத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஆச்சி, அதாவது அண்ணனுடைய மனைவி, என்னைப் பார்த்து "மீன் தொட்டி வீட்டுத் தம்பியா?" என்று கேட்டார்.

"அதை முழுசாச் சரி பண்ணிப்புட்டா அப்பறம் என்ன சொல்லி அங்கிட்டுப் போறதுன்னு இவுக சொல்லிச் சிரிப்பாக..." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அதிலிருந்து மனசுக்குள் ஒரே கேள்விதான். வேண்டுமென்றேதான் கைப்பிடியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போனாரா? இல்லை, ஆச்சியிடம் விளையாட்டாகச் சொன்னதா? பைப்பில் பாசி அடைத்தாலும் சத்தம் வரும்தானே?

சும்மாவே வந்திருக்கலாமே அண்ணே... யார் வேணாம்னு சொன்னது?

துக்க வீட்டிலிருந்து வந்து குளித்துவிட்டுத் தொட்டி முன்னால் நிற்கிறேன். பைப்பைச் சுற்றிப் பொட்டு. இதில் உங்களுடையது எது என்று தெரியவில்லை.

"நீங்களே திருப்பிப் பாருங்களேன்" என்றாள் ராணி. நான் கையைக் கொண்டுபோனதும் அவளே, "வேணாங்க... கத்துனாக் கத்திட்டுப் போகுது" என்றாள்.

போயிட்டு வாங்கண்ணே.

சத்தம் வருது. நான் கைய வைக்கல.